ஒரு சுழி

கோட்டைக்குள், குழு அறையில்
ஏசி பதினெட்டில் நிற்கிறது.
அதைக் கூட்டத் தெரிந்த பியூன் இன்று விடுப்பு.
மேசையின் கால்மாட்டில் நான்,
இரண்டு பென்சில், ஒரு சுருள் நோட்டு,
இரட்டையாய் மடித்துப் போர்த்திய துப்பட்டா.

பேசுவதை எழுதத்தான் எனக்குச் சம்பளம்.
இருமலை எழுத வேண்டாம்.
சிரித்தால் அடைப்புக்குறிக்குள் சிரிப்பு.

இன்றைய பொருள் தள்ளுவண்டி விதிகள்,
விதி ஒன்பது, உட்பிரிவு மூன்று:
பறிமுதலான வண்டிக்குக் காவல் கட்டணம்
நாளொன்றுக்கு நாற்பது ரூபாய்.
அரசிதழில் வந்து பத்தொன்பது மாதம்.
பேரவையின் மேசைக்கு வந்தது
போன மாதம்.

ஏன் தாமதம் என்கிறார் தலைவர்.
துணைச் செயலர் வைகுந்தவாசன் எழுந்து
அச்சகம் என்கிறார்,
பிறகு தேர்தல் என்கிறார்,
பிறகு தண்ணீர் குடிக்கிறார்.
முதல் இரண்டை எழுதிக்கொண்டேன்.

உறுப்பினர் மெகருன்னிசா
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார்.
ஒரு கையில் சட்டம், மறுகையில் விதி,
சுவர்ப்பல்லி போல அசையாமல் பார்த்திருந்துவிட்டு,
"தாய்ச் சட்டத்தில் உரிமக் கட்டணம் இருக்கு.
அபராதம் இருக்கு.
காவல் கட்டணம் எந்தப் பிரிவு? காட்டுங்க."
தாள்கள் முன்னிருந்து பின்னாகப் புரள்கின்றன,
பின்னிருந்து முன்னாக.
"பொதுவான அதிகாரத்தின் கீழ், மேடம்..."
"பொதுவான, என்றால் எத்தனையாவது பக்கம்?"

தாய் எட்டடி பாய்ந்தால், என்று தலைவர் தொடங்க
குட்டியின் பதினாறடியை
மேசையே முடித்துவைத்தது.
(சிரிப்பு)

தூங்குகிறார் என்று நான் நினைத்திருந்த அருமைநாயகம்
கண்ணைத் திறக்காமலே கேட்டார்:
"அரசிதழ் மார்ச்சு மாசம். வசூல் ஜனவரியிலிருந்து.
நடுவில இரண்டு மாசம்
எதை வச்சு வாங்கினீங்க?"
பஜ்ஜி வந்தது.
பதில் எழுத்து மூலம் தரப்படும்.

இணைப்பு ஈ, பக்கம் முப்பத்தொன்று.
கோடில்லாத தாளில் ஒரு மனு.
எர்ணாவூர் பிலோமினா, மரவள்ளி அவித்து விற்பவர்.
வண்டி பழசு, வாங்கியது ஆறாயிரத்துக்கு.
கிடங்கில் கிடப்பது இருநூற்றுப் பதினேழு நாள்.
பெருக்கலை அவரே போட்டு
எட்டாயிரத்து அறுநூற்று எண்பதின் அடியில்
இரண்டு கோடு இழுத்திருந்தார்.
குழு அழைப்பது துறையை.
மனு, பக்க எண்ணோடு வரும்.

ஐந்து மணிக்கு முடிவு:
உட்பிரிவை நீக்கலாம் எனக் குழு பரிந்துரைக்கிறது.
லாம்.
துறை ஆறு மாதத்தில் பதில் சொல்லலாம்.
அதுவரை நாளுக்கு நாற்பது.

பீச்சில் மாறி, திருவொற்றியூர் வண்டி.
கொருக்குப்பேட்டை தாண்டியதும் ஒரு கிடங்கு,
தலைகீழாக அடுக்கிய வண்டிகள்.
மேலே கிடந்த ஒன்றின் சக்கரம்
கடற்காற்றுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.
மரவள்ளி வண்டி எப்படி இருக்கும் என்று
மனுவில் எழுதியிருக்கவில்லை.

சுருக்கெழுத்தில் வேகத்துக்காக
உயிர்க்குறிகளை விட்டுவிடுவோம்.
வ, த. இரண்டு கோடு.
விதி, வீதி, வதை:
முன்பின் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியில், கோப்பை மூடியபடி
யாரையும் பார்க்காமல் மெகருன்னிசா ஒன்று கேட்டார்.
இந்த, பிறகு என் இரண்டு கோடு, பிறகு
யாருக்காக சார்?
முன்பின் பார்த்துவிட்டேன்.
இரண்டும் பொருந்துகின்றன.
காதில் மிஞ்சியிருப்பது ஏசியின் சத்தம்.

திருத்தப்படி அவருக்குப் போகும்,
அவர் தொகுதியில் இருப்பார்,
கையெழுத்தோடு திரும்பி வரும்.
ஆக, எனக்கும் ஒப்படைத்திருக்கிறார்கள்
ஒரு சுழி அளவு அதிகாரம்.
எந்தப் பிரிவின் கீழ் என்று
என்னை யாரும் கேட்கப்போவதில்லை.

வி என்று அடித்தேன்.
அழித்தேன்.
அடுப்படியில் மூன்றாவது விசில்.
போய் அணைத்துவிட்டு வந்து,
கர்சர் துடிக்கிற இடத்தின் முன்னால்
கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.